பாட்டனி டவுன்ஸில் ஒரு கனடா ரேடியோ

வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் சுமந்து வந்து கொடுக்கும் சாமான் வேலை செய்யாது என்று சொல்ல நம் சனத்துக்கு வாய் வராது. வேலை செய்யவில்லையென்றால் பிழை நம்மிடம்தான். சாமான் கனடாவிலிருந்து அல்லவா வந்திருக்கிறது!

என் மச்சான் ரூபன் டொரொன்டோவிலிருந்து இந்தத் தென்கோடித் தீவுக்கு எங்களைப் பார்க்க வந்தபோது, ஸ்வெட்டரில் சுற்றிய ஒரு சாட்டிலைட் ரேடியோவைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தான். அவன் வாங்கிய புதுக் காரில் அப்படி ஒன்று கூடவே வந்துவிட்டதாம். பழையது எனக்கு.

“காரில பூட்டினியெண்டால் நூற்றுக்கணக்கான ஸ்டேசன், மச்சான். நேர வானத்திலயிருந்து இறங்கும்.”

“இஞ்ச வேலை செய்யுமோ?”

“வானம் எல்லாருக்கும் ஒண்டுதானேடா!”

ஆட்கள் போகிற போக்கில் சொல்வதைப் பொறுக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். இந்த வசனத்தை ஒரு வாரமாகக் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். (ஒரு நிமிடம் யோசித்தும் பார்த்திருக்கலாம்.)

ரூபன் திரும்பிப் போன பிறகு, என் மனைவி சுகந்திக்கு டிரைவிங் டெஸ்ட் வந்தது. நகரத்தின் மறுகோடியில், ஆல்பனியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குக் காலை ஷிப்ட் வேலை சரிவந்திருந்தது. அந்த நேரத்தில் நாங்கள் இருக்கும் பாட்டனி டவுன்ஸிலிருந்து அங்கே கொண்டுபோய்விட பஸ் கிடையாது. தனியாக ஓட்டும் லைசன்ஸ் கிடைத்தால் வேலை, இல்லையென்றால் வேறொருவருக்கு. டெஸ்டில் ஏற்கெனவே ஒரு முறை தவறியிருந்தாள்.

டெஸ்ட் மத்தியானம். நான் லீவு போட்டிருந்தேன். அவள் பாஸாகித் திரும்பும்போது காரில் கனடாப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று காலையிலேயே ஸ்க்ரூடிரைவருடன் இறங்கிவிட்டேன்.

“இண்டைக்கோ உங்களுக்கு உந்த விளையாட்டு?”

“ஒரு வயரும் வெளியில தெரியாது, சுகந்தி. கம்பனியில இருந்தே வந்த மாதிரி இருக்கும்.”

“தெரிஞ்சால் என்ன, தெரியாட்டில் என்ன? கார் ஓடினால் காணும்.”

எங்கள் கார் ஜப்பானில் ஓடி அலுத்து இங்கே வந்தது. சாவியைத் திருப்பியதும் ஸ்பீக்கரில் ஒரு ஜப்பான் மனுசி மரியாதையாக ஏதோ சொல்லுவாள். என்ன சொல்கிறாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நாங்களும் “ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம்.

டேஷ்போர்டின் மூடியைக் கழற்றினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குச் சடை பின்னிவிட்டதுபோல, வயர்கள் கற்றை கற்றையாக, ஒவ்வொரு வளைவிலும் டேப் சுற்றி, ஒன்றை ஒன்று நெருக்காமல் ஓடின. ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் யாரோ இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள். இத்தனை காலம் இதற்கு மேல் கையை வைத்துக்கொண்டு தேநீர் குடித்திருக்கிறேனே என்று கூச்சமாக இருந்தது.

கூச்சப்பட்டவன் மூடியைத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். நான் கூரையில் ஏரியலை ஒட்டினேன். அதன் வயரைக் கதவு ரப்பருக்குள் புதைத்துக் கீழே கொண்டுவந்தேன். மின்சாரத்துக்கு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். மூடியில் எது எதற்கென்று தெளிவாக எழுதியிருந்தது, ஜப்பான் மொழியில். முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிவுசெய்வதுபோல, சாந்தமாகத் தெரிந்த ஒரு ஃபியூஸைத் தெரிவுசெய்து அதில் ரேடியோவை மாட்டினேன். ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். ரேடியோ எரியவில்லை. பக்கத்து ஃபியூஸுக்கு மாற்றினேன், எரிந்தது. “சிக்னல் தேடுகிறேன்” என்று ஆங்கிலத்தில் காட்டியது. தேடட்டும் என்று எல்லாவற்றையும் மூடினேன். இரண்டு கிளிப் மிஞ்சியது. (அதிகமாகப் போட்டிருப்பார்கள்.)

சுகந்தி வெளிக்கிட்டு வந்து சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஓடியது. ஜப்பான் மனுசி பேசினாள். சுகந்தி பிரேக்கை மிதித்துக் கியரை இழுத்தாள். கியர் அசையவில்லை. நானும் இழுத்தேன். சுவரில் அறைந்த ஆணிபோல நின்றது.

“என்னப்பா செய்தனீங்கள்?”

“ரேடியோதான் பூட்டினனான்.”

“ரேடியோவோ கியரை இழுத்துப் பிடிச்சுக்கொண்டிருக்கு?”

பதற்றத்தில் ரேடியோவை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மறுபடி பிடுங்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுச் சென்னைக்காரர் முரளி எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணா, காரைப் பிரிச்சு வடாம் மாதிரி காயப் போட்டிருக்கீங்க?”

விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்ச் சாவியுடன் வந்தார். “அக்கா, டைம் ஆகுது. என் வண்டியை எடுத்துட்டுப் போங்க.”

முரளியின் வண்டி ஏழு பேர் ஏறுவது. அது தெருவில் நிற்பதைக் காணும்போதெல்லாம் “உது காரோ, கலியாண மண்டபமோ?” என்று கேட்பவள் சுகந்தி. இப்போது சாவியை வாங்கிக்கொண்டு ஏறினாள், சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் திருப்பினாள். வயர் மறைக்க வாங்கிய டேப்பால் நான் அதில் L அட்டையை ஒட்டினேன். அன்று நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

டெஸ்ட் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். அதிகாரியுடன் அவள் புறப்பட்டதும் வெளியே நின்று ரூபனுக்குப் போன் செய்தேன். எதையோ தேடி வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

“மச்சான், அந்த சாட்டிலைட் கனடா, அமெரிக்காப் பக்கத்துக்கு மட்டும்தானாம்.”

“வானம் எல்லாருக்கும் ஒண்டெண்டாய்?”

“வானம் ஒண்டுதான். நீ நிக்கிற இடம்தான் பிழை.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குனிந்து கார் பார்க்கின் தரையைப் பார்த்தேன். அப்படியென்றால் அந்தச் சாட்டிலைட் என் காலுக்குக் கீழே, தாருக்கும் பாறைக்கும் நெருப்புக் குழம்புக்கும் அந்தப் பக்கம், அங்கே உள்ள வானத்தில் பாடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு முழுப் பூமி. அதை அறியாத ஒரு சின்னப் பெட்டி எங்கள் வீட்டு வாசலில் நின்று, மனம் தளராமல் மேலே பார்த்துத் தேடுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்போது கலியாண மண்டபம் மெல்லத் திரும்பி வந்து, இரண்டு கோடுகளுக்கு நடுவில், அளந்து வைத்ததுபோல நின்றது. அதிகாரி சிரித்துக்கொண்டு இறங்கினார். சுகந்தி இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதாள்.

“பாஸ் பண்ணிட்டனப்பா.”

“எப்படி ஓட்டினாய், இவ்வளவு பெரிசை?”

“பின்னுக்கு ஐஞ்சு பேர் நித்திரை கொள்ளுகினம் எண்டு நினைச்சு ஓடினனான்.”

கூட வாழ்கிற மனுசியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் போன் கமராவை அந்த ஃபியூஸ் மூடிக்கு மேலே பிடித்தாள். ஜப்பான் எழுத்து எங்கள் கண் முன்னாலேயே ஆங்கிலமாக மாறியது. நான் தெரிவுசெய்த சாந்தமானவரின் பெயர் ‘பிரேக் விளக்கு’. அவர் எரிந்துபோனால் பிரேக்கை மிதித்த செய்தி கியருக்குப் போகாது, அதுவும் அசையாது. புது ஃபியூஸ் போட்டதும் கார் ஓடியது. என் கை அந்த மூடியில் இனிப் படக்கூடாது என்று தீர்ப்பானது. அதனால் ரேடியோவைக் கழற்றவும் வழியில்லை.

சுகந்தி இப்போது தினமும் ஆல்பனிக்கு ஓட்டிப் போகிறாள். முதல் தடவை ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்த மினுங்கும் பெட்டியைக் காட்டி என்னவென்று கேட்பார்கள். அவள் பாதையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்லுவாள்:

“அது இவர் பூட்டினது. ரூபன் வானத்தை இஞ்சால திருப்பி விட்டாப் பிறகு பாடும்.”