கொம்பு கட்டாமல் பாடிய வசை

காத்தான்குடி,
மீராசாஹிப் அவர்களின் தறிக்கொட்டில்,
1938 ஆவணி, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய கோணாமலை அத்தான் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி ஆச்சிப்பிள்ளையைக் கட்டிய வினாயகமூர்த்தி கைகட்டி, தலைகுனிந்து எழுதிக்கொள்வது. கைகட்டிக்கொண்டு எழுத ஏலாது என்பது தெரியும், மனத்தளவில் கட்டியிருக்கிறேன். உங்களுக்கும், உங்களைக் கட்டிய என் தங்கச்சி இலட்சுமிப்பிள்ளைக்கும், பிள்ளைகளுக்கும் தான்தோன்றியப்பர் துணையிருப்பாராக. கொக்கட்டிச்சோலையில் சிறுபோக வெட்டு நல்லபடி நடக்கிறதென்று கேள்வி. நெல்லும் மாடும் மனிதரும் சுகமாயிருக்க வேண்டும். இவ்விடம் நானும் சுகம் என்றுதான் எழுதப் புறப்பட்டேன். பேனா கூச்சப்பட்டு நின்றுவிட்டது.

அத்தான், என்னை வீட்டைவிட்டு வெளியே போட்டாயிற்று. செட்டிபாளையத்து வீடு ஆச்சிப்பிள்ளையின் சீதனம் என்பதும், நம்முடைய பக்கத்தில் புருஷன் பெண்சாதி பிணங்கினால் பெட்டியைத் தூக்கவேண்டியவன் புருஷனே என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஓடத்துறையில் சீட்டுக் கிழித்த காலத்தில் பழக்கமான மீராசாஹிப்பின் தறிக்கொட்டிலில், இரண்டு தறிக்கு நடுவே பாய் போட்டுக் கிடக்கிறேன். நீங்கள் ஒருமுறை வாவியைக் கடந்து வந்து, மூத்த தமையன் என்ற முறையில் அவவோடு கதைத்து, என்னை மறுபடி உள்ளே எடுக்கச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நடந்ததைப் பிறர் வாயால் கேட்பதற்கு முன் என் வாயாலேயே கேட்டுவிடுங்கள். பிறர் வாய் இன்னும் மோசமாயிருக்கும் என்று சொல்லவரவில்லை. அதைவிட மோசமாகச் சொல்ல அதில் இடமில்லை.

புளியந்தீவில் நாட்டுப்பாட்டு விழா ஒன்று வைத்தார்கள். நடத்தியவர் அழகரத்தினம் மாஸ்டர். நல்ல மனிதர், கழுத்துப்பட்டி கட்டுகிறவர், எங்கள் பாட்டையெல்லாம் மேடையில் ஏற்றிப் பெரிய மனிதருக்குக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஊரூராய்ப் போய் ஆள் பிடித்தவர், செட்டிபாளையத்துக்கு வந்து கொம்பு விளையாட்டு வசைப்பாட்டுத்தான் வேண்டும் என்று நின்றார். தென்சேரிக்காரர் ஒரே வார்த்தையில் மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம். இரண்டு வளைந்த மரக்கொம்பையும் கொளுவிக் கட்டி, வடசேரியும் தென்சேரியும் வடம்பிடித்து இழுத்து, ஒன்று முறிகிறவரை ஒருவரை ஒருவர் எவ்வளவும் ஏசலாம். முறிந்தபின் அம்மன் கோயிலில் இரண்டு சேரியும் ஒன்றாயிருந்து பொங்கல் சாப்பிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டால் ஏசினது எல்லாம் கழுவுப்பட்டுப் போகும். அதுதானே எங்கள் ஊர் முறை. கொம்பும் இல்லை, அம்மன் கதவும் திறக்கவில்லை, ஆவணி மாதத்தில் என்ன வசை என்று கேட்டார்கள். வடசேரியிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள், ஒருவனைத் தவிர. மாஸ்டர் அந்த ஒருவனைப் பார்த்து, “உங்கட குரலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறன்” என்றார். அத்தான், பாலம் வந்து ஓடத்துறை மூடியபின் என்னைப் பற்றி யாரும் எதையும் கேள்விப்பட்டதில்லை. நான் வாறன் என்றேன்.

அன்றைக்கே ஆச்சிப்பிள்ளை மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, நிமிராமலே சொன்னா: “இஞ்ச பாருங்க, கொம்பு கட்டாம ஏசினா அது கழுவுப்படாது. ஒட்டிக்கிரும்.”

“பட்டணத்து மேடையல்லோ அது. கேக்கிறவனெல்லாம் காற்சட்டை போட்டவன். ஆருக்கு விளங்கப்போகுது?”

“எனக்கு விளங்கும்” என்றா. அதோடு நிறுத்தியிருக்கவேண்டும் நான்.

விழாவன்று பின்னேரம் மாட்டுக்கரத்தை பிடித்துப் போனோம். அவவும் தென்சேரிப் பெண்டுகள் நாலைந்து பேரும் பார்க்கவென்று வந்தார்கள். பந்தல் நிறையச் சனம். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி, பக்கத்தில் பாட்டுப் பிடிக்கிற பெட்டியோடு. அவ வந்தது உண்மையில் எங்களுக்காக அல்ல, வாவியில் மீன் பாடுகிறதைப் பெட்டியில் பிடிக்கவாம். தோணியில் பல நாள் அலைந்தும் ஒரு மீனும் வாய் திறக்கவில்லையாம். வந்ததுக்கு மனிதரையாவது பிடித்துக்கொண்டு போவோம் என்று இருந்தா. முதலில் ஏறாவூர் பக்கீர் ஒருவர் றபான் அடித்துப் பாடினார், மிகவும் அழகு, அவரோடு விழாவை முடித்திருந்தால் நான் இன்று என் வீட்டிலே இருப்பேன். அடுத்தது சித்தாண்டி சீனித்தம்பி. களத்தில் நெற்கதிரை மாடு விட்டுச் சூடு மிதிக்கிற பாட்டுப் பாட வந்தவர், மாட்டுக்குப் பின்னால் நடந்தால்தான் பாட்டு வரும் என்றுவிட்டார். மாஸ்டர் இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, இவற்றை மாடென்று நினையுங்கள் என்றார். சீனித்தம்பியும் நினைத்துக்கொண்டு, கம்பை ஓங்கி, நாற்காலியைச் சுற்றத் தொடங்கினார். அத்தான், சூடு மிதிக்கிற பாட்டு வைக்கோலிலிருந்து நெல் உதிர்ந்து முடிந்தால்தான் நிற்கும். மேடையில் வைக்கோல் ஏது? சுற்றினார், சுற்றினார், பெரிய மனிதரெல்லாம் கொட்டாவி விடச் சுற்றினார். கடைசியில் இரண்டு பேர் ஏறி மாடுகளைத் தூக்கிக்கொண்டு போனபின்தான் மனிதர் நின்றார். அப்போது நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தனியே நின்றேன். எதிரே தென்சேரி இல்லை, திருப்பி ஏச ஆளில்லை. ஒரு கையால் தட்டுகிற மாதிரி இருந்தது. முதற்பாட்டுக்குச் சனம் சும்மா இருந்தது. இரண்டாவது பாட்டுக்கு ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைக் கெடுத்தது. அந்த இரண்டாம் பாட்டு உங்களைப் பற்றியது, அத்தான். பேர் சொல்லவில்லை; ஆனால் நெல்வட்டைக்குப் பரணிலே காவலிருந்து நித்திரை கொண்ட போடியார் எங்கள் உறவில் ஒருவர்தானே.

பரண்மேல் ஏறித் தென்சேரிப் போடி
படுத்தார் அம்மா கண்ணிரண்டும் மூடி;
வட்டையைத் தின்று வயிறு நிறைந்த ஆனை
தட்டி எழுப்பி விடைபெற்றுப் போச்சு.

ஆனை விடைபெறவில்லை என்பது எனக்குத் தெரியும். பாட்டுக்காகச் சேர்த்தேன். பந்தல் முழுக்கச் சிரித்தது. கைதட்டல் என்பது பழக்கமில்லாதவனுக்குக் கள்ளைவிடக் கெடுதி. எனக்குத் தலை சுற்றியது, மேற்கொண்டு பாட ஊர் விஷயம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, வீட்டு விஷயந்தான் வந்தது:

தென்சேரிப் பெண்டு விடுகிற குறட்டை
தெற்கு வாவி எங்கணும் கேட்குது;
பாடும் மீனெல்லாம் பயந்து நடுங்கிப்
பாட்டை மறந்து சேற்றில் புதையுது.

இதற்குப் பந்தல் இடிந்து விழாதது ஆச்சரியம். திரும்பப் பாடச் சொன்னார்கள், பாடினேன். இன்னுமொருமுறை என்றார்கள், அதையும் பாடினேன். மாஸ்டர் துரைசாணியின் காதருகே குனிந்து இங்கிலீசில் சொல்ல, அவ எழுந்தே நின்றுவிட்டா. மீன் பாடாத காரணம் அவவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியதாம். வேடிக்கைக்குச் சொன்னதென்று மாஸ்டர் சொல்லவில்லையா, சொல்லியும் அவ நம்பவில்லையா, தெரியாது. “அந்தப் பெண் இஞ்ச வந்திருக்கிறாவா என்று துரைசாணி அம்மா கேட்கிறா” என்றார் மாஸ்டர், மேடையைப் பார்த்து.

வசையில் பேர் சொல்லக்கூடாது. கொம்படியில் எந்த வெறிகாரனும் பேர் சொல்லமாட்டான். நான் பேர் சொல்லவில்லை, அத்தான். விரலை நீட்டினேன்.

துரைசாணி பெண்கள் பக்கம் போய், தொப்பியைக் கழற்றி, ஆச்சிப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஏதோ கேட்டா. மாஸ்டர் முகம் சிவந்து போய்த் தமிழில் சொன்னார்: நீங்கள் கொஞ்ச நேரம் இவ்விடத்தில் நித்திரை கொள்ளச் சம்மதிப்பீர்களா, அதையும் பெட்டியில் பிடித்து வைக்கலாம் என்று துரைசாணி கேட்கிறா. என் பாட்டு ஏற்கெனவே பெட்டிக்குள் போயாயிற்று. மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாமென்றால் இனிச் சீமைக்குப் போய்த்தான் தெளிக்கவேண்டும்.

திரும்பி வரும்போது ஆச்சிப்பிள்ளை கரத்தையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா. மற்றப் பெண்டுகள் கடற்கரையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கரத்தைக்காரன் மட்டும் என் பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு மாட்டை ஓட்டினான். வீட்டு வாசலில், “இவடத்த நில்லுங்க” என்றா. நின்றேன். உள்ளே போய் என் உடுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தா.

“நான் குறட்டை விடுறது ஊருக்கெல்லாம் தெரியும். அதுக்கில்ல” என்றா. “ஏசுறதெண்டா கொம்படியில ஏசியிருக்கணும். உங்களுக்கு ஒரு வாய் எண்டா எனக்கும் ஒரு வாய். அந்த மேடையில உங்கள மட்டுந்தான் ஏத்தினாங்க. நான் மறுகா என்னத்தச் சொல்லுற, எவடத்த நிண்டு சொல்லுற?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவ சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவ சத்தம் போடவில்லை. அந்தத் துரைசாணி கையைப் பிடித்தபோது அவ முகம் இருந்த விதத்தை நினைத்தால் இந்தத் தறிக்குழிக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இங்கே ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்து வந்தேன். மீராசாஹிப் கதையைக் கேட்டுத் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “மச்சான், எங்கட பக்கத்திலயும் பெண்சாதி வீடுதான். அதாலதான் நாங்க வாயைப் பூட்டிப்போட்டுக் கையால நெய்யிறம்” என்றார். அவருடைய மனைவி ஆசியா உம்மாவிடம், நீங்கள் போய் ஒரு வார்த்தை சொன்னால் அவ கேட்பா என்றேன். “போகமாட்டன் காக்கா. அவ செஞ்சது சரி. நீங்க சோத்தைத் தின்னுங்க” என்றா, அண்ணன் முறை வைத்தும் இரங்காமல். மீராசாஹிப்தான் மனமிரங்கி, புதிதாய் நெய்த சேலை ஒன்றோடு போய் எனக்காக மன்னிப்புக் கேட்டார். சேலையை வாங்கிக்கொண்டாவாம், மன்னிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டா. அம்மன் கோயிலில் பூசை வைக்கிற கட்டாடியாரிடம் நானே போய், ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் தாருங்கள், இந்த ஒருதடவை காலமல்லாத காலத்தில் கழுவிவிடலாம் என்று கெஞ்சினேன். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ ஏசினாய். அவ மறுமொழி ஏசல்ல. பாதியில நிக்கிறதை எப்படிடா கழுவுற?” என்றார்.

ஆகையால் அத்தான், உங்களைவிட்டால் எனக்கு ஆளில்லை. ஆனைப் பாட்டை மனத்தில் வைக்காமல் வாருங்கள். வைத்தாலும் வாருங்கள்; வந்து முதலில் எனக்கு இரண்டு அடி போட்டுவிட்டு அவவிடம் போங்கள். அவ சொன்னது முழுவதும் சரி, நான் செய்தது முழுவதும் பிழை, இனி உயிருள்ளவரை வசையென்று வாய் திறக்கமாட்டேன், மேடையென்றால் அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று நான் எழுதித் தந்ததாகச் சொல்லுங்கள். அவவின் காலடியில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

உங்கள் களம் நிறைந்து பொலிக. மாடுகளுக்கு நோயில்லாமல் இருக்கட்டும். பரணிலே பனிபடாமல் இருக்கட்டும். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பாட்டை மட்டும் சொல்லவேண்டாம்.

தலைகுனிந்த மைத்துனன்,
வினாயகமூர்த்தி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. இந்தத் துறைக்குத் தோணிக்காரன் வராததால் கடிதம் இன்னும் என் கையில்தான். மேலே எழுதியதில் உங்கள் சுகத்தை விசாரித்த பகுதி மட்டும் செல்லும்; மற்றதையெல்லாம் இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஆச்சிப்பிள்ளை அந்தப் புதுச் சேலையை உடுத்திக்கொண்டு, தென்சேரிப் பெண்டுகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, துரைசாணி தங்கியிருக்கிற வாடிவீட்டுக்குப் போய், பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாடியிருக்கிறா:

கள்ளன் வந்தான் கூரையைப் பிரிக்க,
காவல் ஆம்பிளை பாய்க்குள்ளே சுருண்டார்;
என்ட குறட்டையைப் புலியென்று எண்ணி
எடுத்தான் ஓட்டம் வந்த கள்ளன்.

ஆசியா உம்மாவும் கூடப் போய்க் குரவை போட்டாவாம்; அதுவும் பெட்டிக்குள் இருக்கிறது. பாட்டு உண்மை, அத்தான். கள்ளனை விரட்டியது நானென்று உங்களுக்கு முன்பு சொன்னது பொய். என் பாட்டைவிட இது நல்ல பாட்டு என்பதையும் வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

மறுமொழி வந்துவிட்டது, இனி விளையாட்டுத் தொடங்கினதாகத்தான் கணக்கு என்று கட்டாடியார் அம்மன் கதவைத் திறந்துவிட்டார். கொம்புக்கு மரம் வெட்டுகிறார்கள். கொம்பு முறிகிறவரைக்கும் அவரவர் பிறந்த சேரியோடு. தென்சேரியில் பெண் எடுத்த வடசேரி ஆண்கள் எல்லாருடைய பெட்டியும் நேற்றே வாசலுக்கு வந்துவிட்டது. தாய் வீடு, அக்கா வீடு உள்ளவர்கள் அங்கே போனார்கள். மற்றவர்கள் விடிந்ததிலிருந்து ஒவ்வொருவராய் இந்தக் கொட்டிலுக்கு வந்து, என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை வைக்கிறார்கள். ஆச்சிப்பிள்ளைக்கு என்மேல் கோபமே இல்லையாம். கொம்பு முறிந்ததும் வரச் சொல்லியிருக்கிறா. அதற்குள் நான் மன்னிப்புக் கேட்டால் எங்கள் சேரி தோற்றதாகிவிடும் என்று இங்கே தீர்மானம். ஆகவே அவவோடு கதைக்க வேண்டாம். இன்று மத்தியானம் புதுப்பாட்டுக் கட்ட உட்காருகிறோம்.

இன்னுமொன்று. கொம்பு கட்டுகிற செய்தி நேற்றே செட்டிபாளையத்துத் துறையில் கொக்கட்டிச்சோலைத் தோணி ஏறிவிட்டதாம். இலட்சுமிப்பிள்ளை பிறந்தது எங்கள் வடசேரி, நீங்கள் தென்சேரி. நீங்கள் இருக்கிற வீடு அவளுடைய சீதனம். இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்கள் வாசலில் நின்றுதான் வாசிப்பீர்கள். யோசிக்காமல் இங்கே வந்துவிடுங்கள், அத்தான். தென்சேரிக்காரருக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறோம். பாய் ஒன்று கொண்டுவாருங்கள், இங்கே இருந்ததெல்லாம் முடிந்துவிட்டது.