உச்சந்தலையில் ஓர் எலுமிச்சம்பழம்

உலகத்தில் ஓடுகிற ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆன்மா உண்டு. அது இன்ஜினில் இல்லை, கியர்பாக்ஸில் இல்லை. காரின் உச்சந்தலையில், சரியாக ஓர் எலுமிச்சம்பழம் வைக்கிற இடத்தில் இருக்கிறது. இந்த உண்மையை ஜப்பான்காரன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மன்காரனுக்கு வாய்ப்பே இல்லை. கண்டுபிடித்தவர் வாகனச் சித்தர் செந்தமிழ்செல்வன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், 'தாண்டவராயன் கார்ஸ்' என்ற பழைய கார் விற்கும் இடத்தில், ஞாயிறுதோறும் புலித்தோல் விரித்த நாற்காலியில் காட்சி தருவார். நாற்காலி பிளாஸ்டிக். புலியும் பிளாஸ்டிக்.

முறை எளிது. இன்ஜினை ஓடவிடுவார்கள். சித்தர் ஸ்டூல்மேல் ஏறி, எட்டு மோதிரம் போட்ட கையால் கூரையின் நடுவில் பழத்தை வைத்துக் கண்ணை மூடுவார். வண்டி நடுங்கும், பழம் நகரும். வலப்பக்கம் விழுந்தால் ராஜயோகம். இடப்பக்கம் விழுந்தால் அந்த வண்டி ஆள் பலி கேட்கிறது என்று அர்த்தம்.

"மெக்கானிக்கு ஒருத்தர்கிட்ட காட்டிடலாமா சாமி?" என்று யாராவது இழுத்தால் சித்தர் சிரிப்பார்.

"மெக்கானிக் பாக்குறது ஒடம்ப. நான் பாக்குறது உசுர. பொணத்துக்குந்தான் ஒடம்பு இருக்குது."

கூட்டம் புல்லரித்துப்போகும். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவர், சாய்தளத்தில் பொருள் எப்படி உருளும் என்று ஆயுள் முழுக்கப் பாடம் எடுத்தவர், பழம் உருண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் கிள்ளை விஜயகுமாரும் நின்றான். அண்ணனோடு கூட்டாக வைத்திருந்த படகில் தன் பங்கை அவரிடமே விற்றுவிட்டு வந்திருந்தான். சிதம்பரம் ரயிலடியில் இறங்குகிறவர்களைப் பிச்சாவரத்துக்கு ஏற்றிப்போக ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று வேண்டும். வண்டி ஓடினால் அவன் முதலாளி. படுத்துக்கொண்டால், அதே படகில் அண்ணனிடமே கூலிக்குப் போகவேண்டும். அண்ணி அதற்காகவே காத்திருந்தாள்.

விற்பனைக்காகச் சாலையைப் பார்த்து நின்றிருந்த ஏழு சீட் வெள்ளை வண்டியின் தலையில் சித்தர் பழம் வைத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு வலப்பக்கம் உருண்டு விழுந்தது.

"மச்சான், அடிச்சீங்க பாரு யோகத்த!" என்று தாண்டவராயன் விஜயகுமாரைக் கட்டிக்கொண்டான். அவன் யாருக்கும் மச்சான் இல்லை. வாங்க வந்தவர் எல்லாருக்கும் மச்சான்.

விஜயகுமாரின் மனைவி மகேஸ்வரி மட்டும் பழத்தைப் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி ஒருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பழம் போன பக்கந்தான் அந்தத் தண்ணியும் போவுது."

"கம்முனு இரு. சாமி காதுல வுழப்போவுது."

"தண்ணிக்கும் ராஜயோகமா? நான் மீன் கழுவி ஊத்துறவ மாமா. தரை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்காம கடை போட்டா என் பொடவதான் நனையும். எல்லாம் அந்தக் காவாப் பக்கமா எறங்குது பாரு."

சாலையிலிருந்து உள்ளே வந்த வண்டிகளெல்லாம், சாலைக்கு முதுகு காட்டி, பின்னாலிருந்த ஷெட்டைப் பார்த்து நின்றன. அவை விற்க வந்தவர்களுடையவை. அவற்றுக்கு மட்டும் பழம் இடப்பக்கமே விழுந்தது. பண்ருட்டியிலிருந்து வந்த முந்திரி வியாபாரி சுப்பிரமணியனின் காருக்கும் அப்படித்தான். தோஷம் பிடித்த அந்தக் காரைத் தாண்டவராயன் பெரிய மனது பண்ணிப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அவனுக்குத் தோஷம் ஒட்டாது போலிருக்கிறது.

மகேஸ்வரி முன்னால் போனாள். "சாமி, இந்த வெள்ள வண்டிய அதே எடத்துல ஷெட்டப் பாத்து திருப்பி நிறுத்தி, இன்னொருவாட்டி வெய்ங்களேன்."

"ரெண்டாந்தடவ கேட்டா தெய்வ குத்தம்மா!" என்றான் தாண்டவராயன்.

"குத்தம் என்னோடதா இருக்கட்டும். பழமும் என்னோடது." பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

கூட்டத்துக்கு வேடிக்கை என்றால் பக்தியைவிட ஜாஸ்தி ஆசை. "திருப்புய்யா, திருப்புய்யா" என்றது. வண்டி திரும்பியது. பழம் ஏறியது. இடப்பக்கம் விழுந்தது.

"யோவ், என் வண்டியையும் திருப்புங்கய்யா!" என்று கத்தினார் சுப்பிரமணியன். திருப்பினார்கள். காலையிலிருந்து ஆள் கேட்டுக்கொண்டிருந்த கார் ராஜயோகத்துக்கு வந்துவிட்டது.

சித்தர் ஸ்டூலில் நின்றபடியே சொன்னார்: "திசை மாறினா கிரகம் மாறும்."

"கிள்ளை போறதுக்குள்ள எத்தினி வளைவு இருக்குது சாமி! எந்த வளைவுல யோகம், எந்த வளைவுல தோஷம்? சொன்னா அந்த எடத்துல எறங்கி நடந்துக்குறோம்" என்றாள் மகேஸ்வரி.

சித்தருக்குத் திடீரென்று பூஜை நேரம் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் பாதி கலைந்தது. மீதிப் பாதி, அடுத்த வாரம் தரையைச் சமப்படுத்திவிட்டு வைக்கச் சொல்லலாம் என்று தீர்மானித்தது. இயற்பியல்காரர் இந்தப் பாதியில் இருந்தார்.

"மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வரோம், சாவி குடுங்க" என்றான் விஜயகுமார். கொடுக்காவிட்டால் சுப்பிரமணியன் வேறு ஏதாவது கொடுத்துவிடுவார் போல் நின்றதால், தாண்டவராயன் கொடுத்தான். மச்சான் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை கடலூர் முதுநகரில் ஆரோக்கியராஜின் ஒர்க்‌ஷாப். அவர் ஒரு சிவப்புக் காருக்குள் தலையை விட்டிருந்தார். பக்கத்தில் தொப்பியும் முகக்கவசமும் போட்ட ஓர் ஆள் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"சீட்டக் கழட்டி அடியில பாருங்கண்ணே. பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க. வெளிய தொங்குறத எவன் வேணா கழுவிடுவான். உள்ள சுத்தியிருக்குறதுலதான் வெள்ளத் தண்ணி கற நிக்கும்."

"எத்தினிவாட்டிய்யா சொல்லுவ? நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?" என்றார் ஆரோக்கியராஜ்.

நல்ல யோசனை என்று பட்டது விஜயகுமாருக்கு. தன் வெள்ளை வண்டியின் சீட் பெல்ட்டை இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். கடைசி முழத்தில் காய்ந்த சேறு, கோடு போட்டதுபோல். ஆரோக்கியராஜ் வந்து சீட்டுக்கு அடியில் விரலைவிட்டு, துருவை எடுத்துக் காட்டினார்.

"கழுத்து வரைக்கும் வெள்ளத்துல நின்ன வண்டி தம்பி. இதுல ஆளு ஏத்துனா, நீதான் எறங்கித் தள்ளணும்."

விஜயகுமாருக்கு ஒரு கணம் அண்ணியின் முகம் தெரிந்து மறைந்தது. தப்பிக்கவைத்த மனிதருக்கு நன்றி சொல்லலாம் என்று திரும்பினான். அந்த ஆள் டார்ச்சைப் பிடித்திருந்தார். அந்தக் கையில் மோதிரங்கள்.

மகேஸ்வரி ஏற்கெனவே எண்ணி முடித்துவிட்டாள், எட்டு. பையைத் துழாவினாள்.

"சாமி, பழம் இருக்குது. உச்சந்தலையில வெக்கட்டுமா?"

சித்தர் இரண்டு பக்கமும் பார்த்தார். முகக்கவசத்தை மூக்குக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மெதுவா பேசும்மா. இது எனக்கு வாங்குற வண்டி."

"வா மாமா, சாவிய அந்த மச்சான் மூஞ்சில எறிஞ்சிட்டு வரலாம்" என்றாள் மகேஸ்வரி. "பழத்த ஊறுகா போட்டுக்கலாம். உருட்டணும்னா நம்ம மண்டைக்குள்ள இருக்குறத உருட்டிக்கலாம். அது பள்ளத்துப் பக்கமே போவணும்னு ஒண்ணும் இல்ல."

சித்தர் சிவப்புக் காரின் உயிரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் உடம்புக்கு அடியில் நுழைந்தார்.