சிராயு மாதாவின் சிவப்பு எண்ணெய்

கர்நாடகத்தின் பியாடகி மிளகாய்ச் சந்தையில் சுருக்கத்துக்கு நல்ல மதிப்பு உண்டு, மிளகாய்க்கு மட்டும். தோல் எவ்வளவு மடிந்து சுருங்கியிருக்கிறதோ அவ்வளவு விலை. அந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் பெண்களின் முகத்திலும் சுருக்கம் ஏராளம். ஆனால் அதை ஏலம் கேட்க எந்த வியாபாரியும் வந்ததில்லை.

கடைசியில் ஒருத்தி வந்தாள். பெயர் சிராயு மாதா, அதாவது நீண்ட ஆயுள்காரி.

வயது தொண்ணூற்று நான்கு என்றது சுவரொட்டி. பார்த்தால் ஐம்பது. ஐம்பதாகத் தெரிகிறவளுக்கு ஐம்பதுதான் வயதாக இருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கூட்டிச் சொன்னால் சம்பாதிக்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை மாதாவையே சேரும்.

மூடிக் கிடந்த பருத்தி ஆலையில் பந்தல் போட்டார்கள். ஹாவேரி, ராணிபென்னூர், ஹூப்ளி என்று நாலு பக்கத்திலிருந்தும் பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். வெளியூர்க்காரிகள் பந்தலுக்குள் கால் வைத்ததும் தும்மினார்கள். "முதுமை வெளியேறுகிறது!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் சீடர். உள்ளூர்க்காரிகளுக்குத் தும்மல் வரவில்லை. தங்களுக்குப் பாவம் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து அவர்கள் முன்வரிசைக்கு நெருக்கியடித்தார்கள்.

முன்வரிசையில் ஹொன்னவ்வா இருந்தாள். வயது முப்பத்தெட்டு. சந்தைக் கடைக்குப் புதிதாக வந்த குமாஸ்தா "பாட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்குக் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, புகை அடுப்பின் முன் குந்தி, நாற்பது சோள ரொட்டி தட்டுவாள். வீட்டில் எல்லோரும் தின்று மீந்ததைத் தின்பாள், மீந்தால். பொழுது சாயும்வரை வெயில் களத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளுவாள். பசி தெரியாமலிருக்கப் புகையிலைப் பொடியை ஈறில் அடக்கிக்கொள்வாள். கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பாள். இருபது வருஷமாக இதே கதை. முகம் இப்படி ஆனது எந்தக் கிரகத்தின் வேலை என்று கேட்கத்தான் அன்று மாதாவிடம் வந்திருந்தாள்.

மாதா ஆளுக்கொரு குப்பி சிவப்பு எண்ணெய் கொடுத்தாள். மூக்கைத் துளைக்கும் கற்பூர வாசம்.

"மூணு வேளை கன்னத்துல தேய்க்கணும். தேய்ச்சதும் இளரத்தம் மேல ஏறுறது கண்ணாடியில தெரியும். ஆனா எண்ணெய் வேல செய்யணும்னா இருபத்தொரு நாள் விரதம் இருக்கணும். ராத்திரி ஒம்போதுக்குப் படுத்துடணும். சூரியன் வந்தப்புறம்தான் எந்திரிக்கணும். வீட்ல மொதத் தட்டு உங்களுக்கு. வெயில்ல முகத்த மூடணும். செம்பு செம்பாத் தண்ணி குடிக்கணும். புகையில வாயில படவே கூடாது."

"வீட்ல விடமாட்டாங்களே தாயீ!" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

மாதா சிரித்தாள். பெண்கள் கூட்டத்தில் பல வருஷம் தொழில் பார்த்தவள் இல்லையா, இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"விரதக்காரியத் தூக்கத்துல எழுப்புறவன் தலையில அவளோட வயசுல பத்து ஏறிக்கும். அவளுக்கு முன்னாடி சாப்புடுறவன் அவ சுருக்கத்தச் சாப்புடுறான்."

ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்டது. அன்றிரவே பியாடகியின் ஆண்கள் தங்கள் வீட்டில் பூனைபோல நடக்கப் பழகினார்கள். ஹொன்னவ்வாவின் புருஷன் பக்கீரப்பா, தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தான். சாயங்காலமானால் மாதாவின் பஜனைக்குப் போய்ப் பயபக்தியோடு கை தட்டினான். மாமியார் ஈரவ்வா நாலு மணிக்குத் தானே எழுந்து, வாயை மூடிக்கொண்டு, நாற்பது ரொட்டியையும் தட்டினாள். மருமகளுக்குச் சூடான முதல் ரொட்டி. கல்யாணமாகி இருபது வருஷத்தில் ரொட்டி சூடாகவும் இருக்கும் என்பது ஹொன்னவ்வாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கருமை விலகியது. முகம் தெளிந்தது. அதே குமாஸ்தா "அக்கா" என்றான். "எண்ணெய்ன்னா எண்ணெய்!" என்று ஊரே மெச்சியது. தூக்கத்தை ஒருவரும் மெச்சவில்லை. அதற்குத்தான் குப்பியும் இல்லை, சுவரொட்டியும் இல்லையே.

இருபத்தொன்றாம் நாள் மாதா அடுத்த அறிவிப்பைச் செய்தாள். இறங்கிய வயது இன்னும் வாசலில்தான் நிற்கிறதாம். அதை ஊர் எல்லைக்கு அப்பால் விரட்ட இரண்டாம் விரதம் உண்டாம். அதற்குத் தாலியில் கோத்திருக்கும் இரண்டு தங்கக் குண்டுகளைக் காணிக்கையாகத் தரவேண்டும். தராதவளுக்கு விரதம் அன்றோடு முடிந்தது.

"குடுத்துடு," என்றாள் ஈரவ்வா. "எறங்குன வயசு வாசல்லயே நின்னுச்சுன்னா மொதல்ல யார் மேல ஏறும்? குடுக்கலேன்னா விரதம் இல்ல. நாளைக்கி நாலு மணிக்கி எந்திரிச்சு அடுப்பப் பத்த வெய்யி."

களத்தில் ஹொன்னவ்வாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறவள் தியாமவ்வா. அவளைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் செத்து எட்டு வருஷம். தனிக்குடித்தனம். எண்ணெய் கேட்டு முதல் நாளே வரிசையில் நின்றாள். "கைம்பெண் கன்னத்தில் சிவப்பு ஏறக்கூடாது" என்று சீடர் திருப்பி அனுப்பிவிட்டார். எண்ணெய்தானே கூடாது, தூங்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று அவள் விரதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவளை எழுப்ப வீட்டில் ஆள் கிடையாது. புகையிலைப் பொடி டப்பாவைச் சாக்கடையில் போட்டாள். இப்போது ஹொன்னவ்வாவைவிட அவள் முகம்தான் பளிச்சென்று இருந்தது.

"நாளைக்கிக் குண்டக் கழட்டிக் குடுக்கப் போறேன் அக்கா," என்றாள் ஹொன்னவ்வா.

"பைத்தியமா உனக்கு? அந்த எண்ணெய்க்கா?"

"எண்ணெய் யாருக்கு வேணும்? நான் தூக்கத்த வாங்குறேன் அக்கா. குண்டப் போட்டா இன்னொரு இருபத்தொரு நாள் தூங்கலாம். இல்லேன்னா நாளைக்கே நாலு மணி."

தியாமவ்வா கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டாள். சிரிக்கலாமா திட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வெள்ளை முந்தானையின் நுனியை எடுத்து ஹொன்னவ்வாவின் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துணியில் சிவப்பு. அதன் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்தாள். எந்தச் சோப்புக்கும் போகாமல் வருஷக்கணக்காக ஊறிப்போன சிவப்பு அது.

"நல்லாப் பாரு. ரெண்டும் வேற வேறயா?"

ஹொன்னவ்வா பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அய்ய! நம்ம மெளகாய்!"

"வெளியூர்க்காரிங்க ஏன் தும்முறாங்கன்னு இப்ப வெளங்குதா? நாம மெளகாய்க்குள்ளயே கெடக்கோம், நம்ம மூக்கு செத்து எத்தன வருஷமாச்சு! காரம் கம்மி, நெறம் ஜாஸ்தின்னுதான் ஒதட்டுச் சாயக் கம்பெனிக்காரன் இத வாங்கிட்டுப் போறான். இவ எண்ணெயில ஊற வெச்சு, கற்பூரத்தப் போட்டு, நம்ம கன்னத்துலயே தேய்க்கிறா."

"ஊரு நம்பாது அக்கா. நான் சொன்னா அத்தை மொதல்ல நம்பமாட்டாங்க."

"சொல்ல வேணாம். காட்டுவோம்."

மறுநாள் பதினோரு மணிக்குப் பந்தல் நிரம்பி வழிந்தது. காணிக்கைத் தட்டில் ஏற்கனவே ஏழெட்டுத் தங்கக் குண்டுகள் மின்னின. வாசலில் ஹொன்னவ்வா புதுக் குப்பி ஒன்று வாங்கிக்கொண்டதும் அவளும் தியாமவ்வாவும் ஓரத்துத் தட்டிமறைவுக்குள் போனார்கள். வெளியே வரும்போது ஹொன்னவ்வாவின் இரண்டு கன்னமும் சிவந்திருந்தன. நேராக மேடை முன் போய் நின்றார்கள்.

"தாயீ, அநியாயம்!" என்று தியாமவ்வா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சந்தையில எவளோ உங்க எண்ணெய் மாதிரியே போலி எண்ணெய் செய்யுறா. இவ ஒரு கன்னத்துல உங்க எண்ணெய், ஒரு கன்னத்துல போலி. எது எதுன்னு நீங்கதான் சொல்லணும். போலியக் கொண்டுபோய்க் குப்பையில கொட்டிடுறோம்."

பந்தல் கொதித்தது. "போலியா? எவ அவ?" "நம்ம மாதா பேர்லயா?" "தாயீ, சொல்லுங்க! உங்களுக்குத் தெரியாததா!"

மாதாவுக்கு இந்தச் சோதனை பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நான் தியானத்துல..." என்று ஆரம்பித்தாள். பக்தைகள் விடவில்லை. மாதா ஜெயிப்பதைப் பார்க்க அவர்களுக்கு அவ்வளவு ஆசை. சந்தேகப்படுகிறவளாவது ஒரு பேச்சில் விட்டிருப்பாள். நம்பினவர்கள் மேடையில் ஏறி அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

மாதா ஹொன்னவ்வாவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். உதட்டை அசைத்தாள். வலது கன்னத்தைத் தொட்டாள்.

"இது என்னோடது. பாருங்க, பதினேழு வயசுப் பொண்ணோட ரத்தம். இந்த இடது கன்னம் இருக்கே, இது பாவி எண்ணெய். சுருக்கம் ரெண்டு கூடவே விழுந்துடுச்சு!"

"ஆமா ஆமா! வலது என்னமா மின்னுது!" என்றது முன்வரிசை. "எடது வாடிப்போச்சு, பாவம்," என்றது இரண்டாம் வரிசை. கடைசி வரிசைக்கு ஹொன்னவ்வாவின் முகமே தெரியாது. அவர்களும் வாடியிருப்பதாகத்தான் சொன்னார்கள்.

தியாமவ்வா மடியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். அடுத்து மாதாவின் குப்பியை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தாள். வாயை அடைத்த அரக்கு உடையவில்லை.

"இது இன்னிக்கி வாசல்ல வாங்குன குப்பி. இன்னும் தெறக்கவே இல்ல. இவளோட ரெண்டு கன்னத்துலயும் இருக்குறது இந்தக் கிண்ணத்து எண்ணெய். நேத்து நான் கடல எண்ணெயில மெளகாய ஊறப்போட்டது. மந்திரம் கெடையாது. விதவை கை வேற."

முன்வரிசைக்காரிகள் ஹொன்னவ்வாவின் வலது கன்னத்தையும் இடது கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சற்று முன் தாங்களே கண்ட வித்தியாசம் எங்கே போயிற்று என்று தேடினார்கள்.

"என் சக்தி அதுக்குள்ள பரவிடுச்சு," என்றாள் மாதா.

"அப்ப எடது பாவி எண்ணெய்ன்னீங்களே தாயீ? பாதி வழியில நின்னுடுச்சா சக்தி?"

முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது. காம்பு கிள்ளும் பெண்கள் நாலைந்து பேர் எழுந்து வந்து குப்பியை உடைத்தார்கள். எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்தார்கள். அடியில் தங்கியிருந்த தோல் துணுக்கைச் சந்தையில் சரக்குப் பார்ப்பதுபோல விரலில் தேய்த்துப் பார்த்தார்கள். ஒருத்திக்கு மூக்கு சிவந்தது, கோபத்தில்.

"மெளகாய்தான்டி! அதுவும் இந்த வருஷத்துதுகூட இல்ல. ஐஸ் கிடங்குல கெடந்த பழைய சரக்கு!"

ஏமாற்றியதைக்கூட அந்தப் பெண்கள் பொறுத்திருப்பார்கள். பியாடகிக்காரிகளின் கன்னத்தில் போன வருஷத்து மிளகாயா! பந்தலின் நாலு கழிகளும் ஒரே நேரத்தில் ஆடின. ஒருத்தி காணிக்கைத் தட்டைத் தூக்கி அவரவர் குண்டை அவரவர் கையில் கொடுத்தாள். மாதா புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, இரண்டு பெஞ்சுகளைத் தாண்டி, ஜீப்பைப் பார்த்து ஓடினாள். தொண்ணூற்று நான்கு வயதில் அப்படி ஓடினாள் என்றால் அன்றைக்கு நடந்த ஒரே அற்புதம் அதுதான். ஒலிபெருக்கியை அப்படியே விட்டுவிட்டுச் சீடர் பின்னாலேயே ஓடினார்.

புழுதி அடங்கியதும் ஈரவ்வா மகனோடு மருமகள் முன் வந்து நின்றாள்.

"சரி. அவ பொய்யி. விரதமும் பொய்யி. நாளைக்கி நாலு மணிக்கி அடுப்பு எரியணும்."

பக்கீரப்பா நிம்மதியாகத் தலையாட்டினான். ஹொன்னவ்வா தியாமவ்வாவைப் பார்த்தாள். தியாமவ்வா, நீயே பேசு என்பதுபோல மாமியார் பக்கம் கை காட்டினாள்.

"அத்தே, ஒண்ணு கேக்கட்டுமா? என் குப்பி ரெட்ட வேகத்துல கொறஞ்சுது. பாதி எண்ணெய் உங்க கன்னத்துலதான போச்சு?"

சுற்றி நின்ற பெண்கள் ஈரவ்வாவின் கன்னத்தைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் மூடினாள். மூடிய துணியும் சிவந்தது.

"ஆமாடி! எனக்கு மட்டும் ஆசையில்லையா? மூணு வேளையும் தேய்ச்சேன். ஒரு சுருக்கமாவது போச்சா? ரெண்டு கூடத்தான் ஆச்சு!"

"ராத்திரி தூங்குனீங்களா?"

"எங்க தூங்க? நாலு மணிக்கி எந்திரிச்சு உன் ரொட்டியையும் சேத்து நான்தான தட்டுனேன்!"

"தியாமக்கா எண்ணெயத் தொடவே இல்ல அத்தே. தூங்குனா, தின்னா, புகையிலய விட்டா. அவ முகத்தப் பாருங்க. உங்க முகத்தக் கண்ணாடில பாருங்க. எண்ணெயா தூக்கமா, நீங்களே சொல்லுங்க."

ஈரவ்வா தியாமவ்வாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அறுபது வயதில், கல்யாணமான நாளிலிருந்து தான் சூரியனுக்குப் பிறகு எழுந்த காலையை நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட அகப்படவில்லை. மெதுவாக மகன் பக்கம் திரும்பினாள்.

"லே பக்கீரா. நாளைலேர்ந்து நாலு மணி அடுப்பு உன்னோடது. நாங்க ரெண்டு பேரும் தூங்குறோம்."

"அவ்வா! எனக்கு ரொட்டி தட்டத் தெரியாது!" என்று தாயிடம் அலறினான் பக்கீரப்பா.

"மாதா பஜனையில நல்லாத்தான கை தட்டுன?" என்றாள் தியாமவ்வா. "அதே கைதான். நடுவுல கொஞ்சம் மாவ வெச்சுக்கோ."

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து இரண்டு பெண்கள் எழுந்தார்கள். தட்டில் இருந்த ரொட்டிக்கு வட்டம் என்ற நினைப்பே இல்லை, ஓரம் வேறு கருகியிருந்தது. ஆனால் சூடாக இருந்தது.

எழுப்பினால் வயது ஏறும் என்று ஒரு புளுகுக்காரி பயமுறுத்தியபோது இருபத்தொரு நாள் நடந்த காரியம், பயமில்லாதபோது மட்டும் ஏன் நடக்காது? இளமைக்குக் குப்பி வாங்கக் கிளம்புகிறவர்கள், கிளம்பும்முன் தங்கள் வீட்டில் முதலில் எழுகிறவள் யார், கடைசியில் சாப்பிடுகிறவள் யார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கட்டும். யோசிப்பதற்குக் காணிக்கை எதுவும் தரவேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அதற்கு மட்டும் கூட்டமே வருவதில்லை.