சலூன் கண்ணாடி மாட்டிய ஸ்டுடியோ

பாதி கேட்டதுமே முழுதும் புரிந்த மாதிரி தலையாட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அந்தத் தலையாட்டலால் ஒரு மனுஷனின் குரலையே கெடுத்தவன் நான்.

எண்பதுகளில் ஜெயங்கொண்டத்தில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்தேன். (ஸ்டுடியோ என்று சொன்னது நான் மட்டும்தான். ஊருக்கு அது கேசட் கடை.) பாடுகிறவருக்கு ஒரு ரூம். ஸ்பீக்கரில் கேட்டு ஒலியைச் சரிசெய்ய எனக்கொரு கண்ட்ரோல் ரூம். அதில் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி எதிரொலி. யோசனை கேட்கத் திருச்சியில் ஒரு சவுண்ட் இன்ஜினியரிடம் போனேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஸ்பீக்கர் சத்தம் நேராகவும் காதுக்கு வரும், பின்னாலேயே பக்கச் சுவரில் பட்டும் வரும். இரண்டும் கலந்தால் காது ஏமாந்துவிடும். சுவரில் படுகிற இடத்தைக் கண்டுபிடிக்க நீ நாற்காலியில் உட்கார், ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தட்டும். அதில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அதுதான் இடம்.

அதற்குள் என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "புரிஞ்சுடுச்சுங்க சார்" என்று ஓடிவந்துவிட்டேன். அந்த இடத்தில் பஞ்சு மெத்தை கட்ட வேண்டும் என்பது நான் கேட்காத பாதி. நானோ கண்ணாடியையே மாட்டினேன். மூடிப்போன சலூனில் வாங்கிய ஆளுயரக் கண்ணாடிகள், பக்கத்துக்கு ஒன்று, இடம் நூல் பிசகாமல்.

மாட்டியதும் சத்தம் முன்னைவிடக் கீச்சென்று வந்தது. மைக்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, கீச்சைக் குறைக்கும் குமிழை முடிந்தமட்டும் திருகிவைத்தேன். முட்டாள்!

என் மனைவியின் அண்ணன் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் அறிவிப்பவர். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்தால் உயிர் தங்கும், குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போவதற்குள் குரலைப் பிடித்துவைக்க என்னிடம் வந்தார்.

"செல்வி, நான்தான் பேசுறேன். புள்ளைங்கள அடிக்காத" என்று தொடங்கி, கொஞ்ச நேரம் பேசினார்.

"நல்லா விழுந்துச்சா மாப்ள?"

"மணி மாதிரி இருக்குங்க மச்சான்" என்றேன். வழக்கம்போல் தலையையும் ஆட்டினேன்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய வாரம், அவர் மனைவி செல்வி அக்கா கேசட்டோடு வந்து நின்றது.

"இது அவரு இல்ல தம்பி. யாரோ தலவாணியில மூஞ்சிய வச்சிக்கிட்டு பேசுறாங்க."

கேசட்டை வாங்கினேன். கண்ட்ரோல் ரூமில் போட்டேன். மச்சான் கணீரென்று பேசினார். அக்கா என் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதது. இரண்டு கண்ணாடியிலும் அழுதது. நான் குறைத்த கீச்சை அந்த ரூமில் கண்ணாடிகள் ஈடுகட்டின; வெளியே எந்தப் பெட்டியில் போட்டாலும் தலையணைதான். கீச்சைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடியது.

இன்ஜினியருக்கு எழுதினேன். கண்ணாடியைக் கழற்று, பஞ்சைக் கட்டு என்று பதில் வந்தது. எப்படிக் கழற்றுவது? அந்த இரண்டு கண்ணாடிக்கு நடுவில்தானே மச்சான் பேசுகிறார். பதிவு செய்ய வந்த ஒன்றிரண்டு பேரும் நின்றுபோக, ஊர் சொன்னபடியே அது கேசட் கடையாயிற்று. கண்ணாடிகள் இன்றும் இருக்கின்றன.

வருஷம் ஒருமுறை இருவரும் வருவார்கள். அக்கா கேசட்டைக் கேட்கும். மச்சான் கண்ணாடியில் தலை சீவிக்கொள்வார். அவர்கள் வீட்டில் சண்டை வந்தால், "ஏன், வாயத் தொறந்து பதில் சொன்னா என்ன?" என்று அக்கா கத்துமாம். அவர் உடனே சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டுவாராம்:

"ஜெயங்கொண்டம் பஸ் எத்தன மணிக்கு?"