சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஓர் அறை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும். உரக்கச் சொல்லுகிற சமாசாரம் இல்லை இது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவர்களைக் கட்டினவனே நான்தான், எவ்வளவு மெல்லிசு என்று எனக்குத்தானே தெரியும்! அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி தைத்துக்கொண்டிருக்கிறாள். மிஷின் ஓடுகிறவரைக்கும் பேசலாம்.

நான் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். உத்தியோகம் முழுக்க நின்றேன். கண்டக்டருக்கென்று ஒரு சீட் உண்டே என்பீர்கள். உண்டு. அதில் எப்போதும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி உட்கார்ந்திருப்பாள், இல்லாவிட்டால் ஒரு காய்ச்சல்காரர், அவரும் இல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய மூட்டை. மூட்டையை எழுப்பிவிட எனக்கு மனசு வந்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. வாடகை வீடு. ஒரு பக்கம் அவளுடைய தையல் மிஷின், ஒரு பக்கம் தெருவில் இருக்கிறவர்களுடைய துணியெல்லாம். நான் நாற்காலியை விரித்தால் அவள் கால் மிதிக்க முடியாது. அவள் மிதித்தால் நான் நாற்காலியை மடக்கியாக வேண்டும். எப்போதும் மடங்கியது நாற்காலிதான்.

அதனால் வேலையிலிருந்து ஓய்வு வந்ததும் எனக்கு ஒரே ஒரு ஆசை. எனக்கென்று ஓர் அறை. அதில் என் சாய்வு நாற்காலி. நான் உட்கார்ந்திருக்கும்போது "கொஞ்சம் தள்ளுங்க" என்று யாரும் சொல்லக் கூடாது. மனுஷன் கேட்டது அவ்வளவுதான். வீடு கட்டினதே அதற்காகத்தான். மற்ற அறைகளெல்லாம் அந்த அறைக்குத் துணை.

இதைக் கான்ட்ராக்டர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் அவளிடம் பேசுவார், அவள் அவரிடம் பேசுவாள், என் அறை காற்றோடு போய்விடும். ஆகவே முடிவெடுத்தேன். கான்ட்ராக்டரும் வேண்டாம், இன்ஜினியரும் வேண்டாம். நானே ஆள் வைத்து, நானே சாமான் வாங்கி, நானே நின்று கட்டுவேன். ஒரு பஸ்ஸையே நடத்தினவனுக்கு ஒரு வீடு என்ன, நகரக்கூட நகராது!

படத்தையும் நானே போட்டேன். கூடம், சமையலறை, படுக்கையறை. முன்பக்கம் இரண்டு ஜன்னலோடு என் அறை. அவளுடைய மிஷினுக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம். அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாடிப்படிக்கு அடியிலயா?"

"மிஷின் என்ன எழுந்து நின்னு சோம்பலா முறிக்கப் போகுது?"

"சரிங்க" என்றாள்.

என் வீட்டுக்காரி சண்டை போட்டால் எனக்குப் பயமே கிடையாது. அந்தச் "சரிங்க" இருக்கிறதே, அதற்குத்தான் பயம். அன்றைக்கு ஏனோ அந்தப் பயமும் வரவில்லை. வீட்டு முதலாளி ஆகிவிட்ட மிதப்பு.

நானே கட்டுகிற லட்சணத்தைக் கேளுங்கள். விலை ஏறப்போகிறது என்று எவனோ சொன்னான்; அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே சிமென்ட் மூட்டைகளை இறக்கிவிட்டேன். மழை வந்தது. மூட்டைகள் அத்தனையும் இருந்த இடத்திலேயே கல்லாகச் சமைந்துவிட்டன. என் மனையில் முதல்முதலாகக் கட்டி முடிந்தது அதுதான். மணல் வண்டி வந்த நாளில் இறக்க ஆள் இல்லை, ஆள் வந்த நாளில் மணல் இல்லை. தெருப் பூனைகளுக்கெல்லாம் அந்த மணல் எதற்குப் பயன்பட்டது என்பதை நான் சொல்ல வேண்டாம்.

கொத்தனார் நல்ல மனுஷர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் "நாளைக்கு ஐயா" என்பார். நாங்கள் அவருக்கு நாளைக்கு என்றே பேர் வைத்துவிட்டோம். "நாளைக்கு இன்னைக்கு வருவாரா?" என்று அவள் கேட்பாள். எனக்குத் தலை சுற்றும்.

ஆட்களை வேலை வாங்க என் பழைய விசிலை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு ஊதினால் வேலை, ஒன்று ஊதினால் நிறுத்தம். ஒன்று ஊதினது எல்லோருக்கும் கேட்டது. இரண்டு ஊதினது இன்றுவரைக்கும் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அஸ்திவாரத்துக்குக் கோடு போடுகிற நாள். நாளைக்கு அன்றைக்கே வந்துவிட்டார். முளை அடித்து, நூல் பிடித்து, நூல் ஓடின வழியெல்லாம் சுண்ணாம்புத் தூளைத் தூவினார். என் வீடு தரையில் வெள்ளையாக விழுந்து கிடந்தது. நான் பார்த்தேன்.

அது வீடா? தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கின மாதிரி இருந்தது. கூடம் ஒரு தீப்பெட்டி, சமையலறை ஒரு தீப்பெட்டி. என் அறை இருக்கிறதே, அதில் குச்சிகூட மடக்கித்தான் வைக்க வேண்டும். நாளைக்கு அளவில் கை வைத்துவிட்டார் என்று நினைத்து, டேப்பைப் பிடுங்கி நானே அளந்தேன். படத்தில் போட்ட அளவு அப்படியே இருந்தது. குறை சொல்ல ஒருத்தரும் இல்லாத துக்கம் பெரிய துக்கம்.

நாளைக்கு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் என் வீட்டுக்காரி, டீ ஆறுகிறது என்று டம்ளரை அவர் கையில் திணித்துவிட்டாள். அவரும் வாயை அதற்கே உபயோகப்படுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். தானாக வந்தாரா, வரவழைக்கப்பட்டாரா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெரிய மச்சான் பேரில் மட்டும் பெரியவர் இல்லை. என் பஸ்ஸில் அவர் ஏறினால் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவருக்கு மரியாதை செய்யும். கையில் என் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தங்கச்சி கொண்டாரச் சொன்னா மாப்ளே."

அவள் அதை வாங்கி, என் அறைக் கோட்டுக்குள் விரித்துப் போட்டாள்.

"உட்கார்ந்து பாருங்க. உங்களுக்காகத்தானே."

உட்கார்ந்தேன். வெட்டவெளியில், இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில். காலை நீட்டினேன். சுண்ணாம்பு என் குதிகாலில் ஒட்டிக்கொண்டது. என் கால் கூடத்தில் இருந்தது. நான் அறையில் இருந்தேன்.

பெரிய மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். அறை நிரம்பிவிட்டது. இடமும் வலமும் பார்த்துவிட்டு, "மாப்ளே, இதுக்குள்ள நான் திரும்பணும்னா ரோட்டுக்குப் போய்த்தான் திரும்பிட்டு வரணும்" என்றார்.

"உள்ள போங்க, இடம் இருக்கு" என்று கத்திக் கத்தியே தொண்டை போனவன் நான். மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸிலும் எனக்கு இடம் தெரியும். என் சொந்த மனையில் எனக்கு இடம் தெரியவில்லை.

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாவம், வாழ்நாள் பூரா நின்றே உழைத்த மனுஷர், கடைசியில் இந்தக் கூண்டிலா அடைபட வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னாள். எனக்கே என்னை நினைத்து அழுகை வந்தது.

என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்டேன்.

"எனக்கென்னங்க தெரியும்? நீங்கதானே கட்டறீங்க."

நான் சுற்றிமுற்றும் பார்த்தேன். அப்போதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. மாடிப்படி வரவேண்டிய இடம். அடடா, எவ்வளவு விசாலம்! ஒரு பக்கம்தான் கோடு. மறுபக்கம் கோடே இல்லாமல், அப்படியே பக்கத்து வீட்டு மதில் வரைக்கும் வெட்டவெளி. காற்று வேறு அங்கிருந்துதான் வந்தது. மதில் அடுத்தவனுடையது, வெட்டவெளியில் பாதி சந்து, மீதியின் தலைக்கு மேல் படிக்கட்டு இறங்கப் போகிறது. இதெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு உறைக்கவில்லை. கோடு இல்லாத இடம் எல்லாமே மனுஷனுக்குப் பெரிசாகத்தான் தெரியும்.

"இந்த அறையை நீ மிஷினுக்கு வச்சுக்க. நான் அங்க போயிடறேன்" என்றேன்.

அவள் பதறிப் போனாள். அது உங்கள் அறை, ஆசை ஆசையாகப் போட்டது, எனக்கு வேண்டவே வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தினேன். அவள் மறுத்தாள். நான் கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்று திரும்பி நின்றுகொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வீட்டைக் கட்டுகிறவன் நானா நீயா என்று ஒரு அதட்டல் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க. நீங்க சொன்னா சரி."

பெரிய மச்சான் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி இருமினார். அந்த ஆளுக்குச் சுண்ணாம்புத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் நான் பட்டதையெல்லாம் சொன்னால் உங்களுக்கு வீடு கட்டுகிற ஆசையே போய்விடும். பூச்சு வேலை முடிந்து சுவர் கண்ணாடி மாதிரி ஆன மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, ஒயர் ஓடுகிற பைப் எங்கே என்று கேட்டார். எந்தப் பைப் என்றேன். பூசின சுவரையெல்லாம் உடைத்துக் காட்டினார், பைப் இல்லை என்று. பிளம்பர் குழாயை வைத்த இடத்தில் தச்சர் நிலையை வைத்தார். வாசலைத் திறந்தால் தண்ணீர் வரும் நிலைமை. ராத்திரியில் தூக்கம் போச்சு, பகலில் மரியாதை போச்சு. அத்தனையிலும் எனக்கு ஒரே ஆறுதல், மாடிப்படிக்கு அடியில் என் இடம் இருக்கிறது. சுவர் இடுப்பளவு எழும்பினபோதுகூட அவளுடைய அறையை எட்டிப் பார்த்து, 'ஐயோ பாவம், இவ்வளவூண்டு இடத்தில் எப்படித்தான் தைக்கப் போகிறாளோ' என்று இரக்கப்பட்டிருக்கிறேன்.

கூரை போட்டு, பூசி, வெள்ளையடித்து முடிந்த அன்றைக்கு அந்த அறைக்குள் காலை வைத்தேன். வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது.

அது அறையில்லை, மைதானம்! இரண்டு ஜன்னலிலும் வெளிச்சம் கொட்டுகிறது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து போனேன், நடந்துகொண்டே இருந்தேன். என் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி, பக்கத்தில் பெரிய மச்சானையும் படுக்க வைக்கலாம்.

ஓடிப்போய் என் இடத்தைப் பார்த்தேன். படிக்கட்டு மேலிருந்து சரிந்து வந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தவழ்கிற குழந்தைக்குத் தாராளமாகப் போதும். ஆயுசு முழுக்க நின்றவனுக்குக் கடைசியில் அமைந்தது நிற்கவே முடியாத இடம்.

நாளைக்கைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சுண்ணாம்புக் கோட்டில எந்த அறையும் கோழிக்கூண்டாத்தான் தெரியும் ஐயா. சுவரு எழும்பி, பூசி, வெள்ளையடிச்சாத்தான் இடம் விரியும். அன்னைக்கே சொல்ல வந்தேன், அம்மா டீ கொடுத்துட்டாங்க. கோடு போட்டா வீடு எப்படித் தெரியும்னு அதுக்கு முந்தின நாளே அம்மா வந்து கேட்டுட்டுப் போனாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?"

நான் அவளிடம் போய் நின்றேன். அவள் ஒரு துளிகூடக் கலங்கவில்லை. வெட்டிப் போட்ட ரவிக்கைத் துணியைப் பார்த்துவிட்டு, இது எனக்குப் பத்தவே பத்தாது என்று அழாத பெண்பிள்ளையே கிடையாது, தைத்துப் போட்டுப் பார்த்தால்தானே அளவு தெரியும் என்றாள். அப்புறம் மெதுவாக, "நான்தான் வேண்டாம் வேண்டாம்னு அன்னைக்கு அப்படிச் சொன்னேனே" என்றாள்.

சொன்னாள். சாட்சிக்கு அவள் அண்ணன் வேறு. எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்?

இருந்தாலும் நான் பழைய கண்டக்டர். குடிபோகிற நாள் காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. எழுதினவர் யாருமில்லை, மீறினவரும் யாருமில்லை. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டவனுக்குத்தான் சீட். அப்புறம் ராஜாவே வந்தாலும் நிற்க வேண்டியதுதான். எத்தனை சண்டையை இந்தச் சட்டத்தால் நான் தீர்த்துவைத்திருக்கிறேன்!

அவள் எழுந்து வருவதற்கு முன்னால் புது வீட்டுக்குப் போனேன். முன்னறையின் நடுவில் சாய்வு நாற்காலியை விரித்தேன். அதன் மேல் என் பெரிய துண்டை, கோடு போட்ட துண்டை, நாலு மூலையும் தொங்கும்படி விரித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். சீட் பிடித்தாகிவிட்டது. வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து அன்றைக்குத்தான் நிமிர்ந்து நடந்தேன். சாமான் வண்டிக்குச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினேன்.

வண்டிக்காரர் பேச்சுக்காரர். கொஞ்சம் நேரமாகிவிட்டது.

திரும்பி வரும்போது வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. டகடக டகடக. பெரிய மச்சான் சட்டையைக் கழற்றிப் போட்டுப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மிஷினை அவர் ஒருத்தரே தூக்கி வந்துவிட்டாராம். என்னைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். ஒதுங்கின இடத்துக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், என் நாற்காலி பாதி மடங்கினபடி செருகியிருந்தது.

முன்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஊசிக்கு அடியில் என் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. மேல் ஓரத்தை மடித்து, கம்பி நுழைகிற மாதிரி தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தைக்கிற?" என்று கிட்டே போனேன்.

அவள் நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, துண்டை உதறி, உயரம் சரியாக இருக்கிறதா என்று என் இடுப்போடு வைத்துப் பார்த்தாள்.

"உங்க அறைக்குத் திரைங்க. கதவு வைக்க அங்க உயரம் பத்தல."