சேதுராசனுக்குப் பெண்டாட்டி உண்டா?

எனக்குப் பேச்சு வராது. வந்த ஒரே நாளில் என் கல்யாணமே கெட இருந்தது.

அப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் படித்ததெல்லாம் துப்பறியும் சேதுராசன் படக்கதைதான். மாதம் ஒரு புத்தகம் வரும். சேதுராசன் தனிக்கட்டை. ஒரு வருஷம் தீபாவளி மலரில் வேறு யாரோ கதை எழுதி, அவனைத் தாலி கட்ட வைத்துவிட்டார்கள். அடுத்த மாதப் புத்தகத்தில் பெண்டாட்டியைக் காணோம். துறைமுகத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது. தீபாவளி மலர் கணக்கில் சேராது என்பது என் கட்சி. (இதற்காக ஒருவனோடு மாதக்கணக்கில் பேசவில்லை. அது எனக்குச் சிரமமும் இல்லை.)

தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். "வாயத் தொறக்காம இருந்தாலே முடிஞ்சிரும்லே" என்றுதான் மாமா கூட்டிப்போனார். பெண் பெயர் செல்வக்கனி. அவள் அண்ணன் முருகேசன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன படிப்பிய?"

"சேதுராசன்."

"அவன் சம்சாரம் மாதிரி தைரியசாலி உண்டுமா?"

"சம்சாரமே கிடையாது."

"தீபாவளி மலர் பாக்கலியா?"

"அது சேராது."

"காசு கொடுத்துத்தான வாங்குனோம்? எப்படிச் சேராது?"

"தாலி கட்டுனவன் மறு மாசம் ஓட்டல்ல சாப்பிடுதான். எப்படி வே சேரும்?"

"சண்ட போட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பா!"

நான் எழுந்தே நின்றுவிட்டேன். நடுவில் யாரோ காப்பி நீட்டினார்கள். ஒரு வாய் குடித்து, "சீனி காணாது" என்று டம்ளரைத் திருப்பி நீட்டினேனாம்.

பஸ்ஸில் மாமா கேட்டார். "பொண்ணு எப்படிலே?"

"இன்னும் வரவேயில்லையே மாமா."

"ஏலே, காப்பி கொடுத்தது யாருலே?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். நல்ல இடம். போய்விட்டது என்றே நானும் நினைத்தேன்.

அந்த வாரமே முருகேசன் துறைமுகத்துக்கு வந்தான். "மறுபடி வரச் சொல்லுதா தங்கச்சி. ஆனா, சேதுராசனுக்குப் பொண்டாட்டி உண்டுன்னு ஒத்துக்கிடணுமாம்."

"எதுக்கு?"

"உங்க மாமா எல்லாஞ் சொல்லிட்டாக. காப்பியக் குடிச்சிட்டு பொண்ணே வரலன்னவரு, நாளைக்குத் தாலியக் கட்டிட்டு பொண்டாட்டியே இல்லம்பாராம்."

என் கட்சிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மூட்டையை இறக்கி வைத்தேன்.

"உண்டு" என்றேன்.

கட்சி அன்றே என்னைத் தள்ளிவைத்தது. செல்வக்கனி சேர்த்துக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவுக பொண்ணு பாக்க வந்தாக. காப்பியப் பாத்துட்டுப் போனாக" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தீபாவளி மலர் சேராதுதான். வீட்டில் சொல்வதில்லை.