பங்குனி மழைக்கு நானே பொறுப்பு

புரியாத விஷயத்துக்குத்தான் நான் வேகமாகத் தலையாட்டுவேன். புரிந்த விஷயமென்றால் நின்று நாலு கேள்வி கேட்பேன். புரியவில்லையென்றால், கேள்வி கேட்டு எதற்கு முட்டாள் என்று பெயர் வாங்க வேண்டும் என்று தலையை ஆட்டிவிடுவேன். இந்தக் குணத்தால் நான் தனியாக அவஸ்தைப்பட்டது பலமுறை. ஒரு கோவில் கூட்டத்தையே சேர்த்து நனைத்தது ஒரே ஒரு முறை.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். தலைமுறை தலைமுறையாகப் புராட்டஸ்டண்ட் குடும்பம். என் மனைவி சகாயா தூத்துக்குடிக் கத்தோலிக்கப் பெண். இரண்டு வீட்டிலும் முணுமுணுத்துவிட்டுக் கல்யாணம் செய்துவைத்தார்கள். எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கோவிலுக்கே போவது என்று ஏற்பாடு.

கிறிஸ்தவன் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டினால் குழப்பமே வராது என்று நம்புகிறவர்கள் என்னிடம் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும். எங்களுக்குச் சபை, அவர்களுக்குப் பங்கு. எங்களுக்கு ஆராதனை, அவர்களுக்குப் பூசை. போதகர் எங்களுக்கு ஐயர், அவர்களுக்குச் சாமி. பைபிளின் முதல் புத்தகம் எங்களுக்கு ஆதியாகமம், அவர்களுக்குத் தொடக்கநூல். (முதல் மாதம் அது வேறு ஏதோ புத்தகம் என்று நினைத்து பைபிளைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.) எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது என்று பிடிபடாமல், முன் பெஞ்சுப் பெரியவர் செய்வதையெல்லாம் அப்படியே செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவர் பைக் சாவியைக் கீழே போட்டுவிட்டு முழங்காலிட்டுத் தேடினார். நானும் பக்தியோடு முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கோவிலில் மற்ற எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மாமனார் மிக்கேல் சின்னதாக ஓர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தார். அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். "வாங்க." "சாப்ட்டாச்சா?" "சரி." அவரிடம் எப்படியாவது நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகியிருந்தது.

அந்தப் பங்கில் முப்பது, நாற்பது வீடுகளைச் சேர்த்து ஒரு குழுவாக வைத்திருப்பார்கள். அன்பியம் என்று பெயர். ஞாயிற்றுப் பூசையை முறைவைத்து ஒவ்வோர் அன்பியமும் நடத்தும். பங்குனி மாதத்தில் எங்கள் முறை வந்தது. அன்பியத் தலைவி பிலோமினா அக்கா வீட்டில் கூட்டம். அக்கா நோட்டை வைத்துக்கொண்டு வேலை பிரித்தார். வாசகம் இரண்டு பேர், பாடலுக்குச் சகாயா, காணிக்கைப் பவனிக்கு நாலு பேர்.

"மன்றாட்டுக்கு அஞ்சு பேரு வேணும்," என்றவர், என்னைப் பார்த்தார். "மாப்ள, முத மன்றாட்டு நீங்க. நாட்டுக்காக. செஞ்சிருவீங்கள்லா?"

மன்றாட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மன்றாடுவது தெரியும். ஜெபத்தைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் ஜெபம் என்றால் மனசிலிருந்து வர வேண்டும், பார்த்து வாசிக்கக் கூடாது, பத்து நிமிடமாவது போக வேண்டும். அதற்குக் குறைந்தால், ஜெபிக்கிறவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிப்பார்கள். வேகமாகத் தலையாட்டினேன். மூலையில் உட்கார்ந்திருந்த மாமனாரும் லேசாகத் தலையாட்டியது போல இருந்தது.

சனிக்கிழமை அக்கா வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். நாட்டை ஆளும் தலைவர்கள் மக்கள் நலனில் அக்கறையோடு உழைக்க இறைவா உம்மை மன்றாடுகிறோம், என்று. நான் அதைத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டேன். பாடல் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சகாயா, "மன்றாட்டு ரெடியா?" என்றாள்.

"நல்லா ரெடி பண்ணியிருக்கேன்," என்றேன்.

ஒரு வரியை என்ன ரெடி பண்ண இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு வந்தது. கோவில் நிறைய ஆட்கள். முதல் ஆளாக மைக் முன்னால் போய் நின்றேன். எனக்குப் பின்னால் நாலு பேர் கையில் துண்டுக் காகிதத்தோடு வரிசையில் நின்றார்கள். எனக்குத் துணைக்கு நிற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை இறுக மூடினேன்.

"எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே! இந்த நல்ல காலை வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்," என்று ஆரம்பித்து மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினேன்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்று கோவில் முழுவதும் ஒரே குரலில் முழங்கியது.

திடுக்கிட்டுப்போனேன். எங்கள் சபையில் ஜெபத்தின் முடிவில் நாலு பேர் ஆமென் சொன்னால் அதிகம். இங்கே முதல் வரிக்கே இத்தனை வரவேற்பா! பிரதமரிலிருந்து வார்டு கவுன்சிலர் வரைக்கும் ஜெபித்தேன். மறுபடி மூச்சு வாங்கினேன். மறுபடி முழக்கம். துறைமுகத்துக்காக, கப்பல்களுக்காக, கிரேன் ஓட்டுகிறவர்களுக்காக, கடலுக்குப் போயிருக்கும் விசைப்படகுகளுக்காக. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முழக்கம். (மூன்றாவது முழக்கத்திலிருந்து அதில் கொஞ்சம் சலிப்பு கலந்திருந்ததாகச் சகாயா பிறகு சொன்னாள். எனக்கு அது உருக்கம் என்று பட்டது.)

எட்டு நிமிடத்தில் என்னிடம் இருந்த நாடு தீர்ந்துவிட்டது. விஷயம் தீர்ந்தால் எங்கள் பக்கத்து நாக்கு தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மழை. வானம் பார்த்த பூமியான சாத்தான்குளத்தில் மழை கேட்காமல் முடிந்த ஜெபத்தை நான் கேட்டதில்லை.

"வறண்டு கிடக்கிற இந்தப் பூமியைப் பாரும் ஆண்டவரே! வானத்தின் மதகுகளைத் திறந்தருளும்! பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிரம்பி வழியட்டும்!"

எனக்குப் பாத்தி என்றால் கத்தரிக்காய்ப் பாத்தி. அந்தக் கோவிலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பாத்தி என்றால் உப்புப் பாத்தி. பங்குனி என்றால் உப்பு வாருகிற காலம்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டை..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த கூட்டம் பாதியிலேயே நின்றது. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "ஐயய்ய, என்ன கேக்காரு இவரு?" என்றது. பிறகு ஒரே அமைதி. எல்லோரும் உருகிப்போய் வார்த்தை வராமல் நிற்கிறார்கள் என்று எண்ணி, அதையே இன்னும் உரக்கக் கேட்டேன்.

"மதகுகளைத் திறந்தருளும் ஆண்டவரே!"

இந்த முறை, என்ன ஏதென்று கவனிக்காமல் பதில் சொல்கிற ஒரு நூறு பேர் முழுசாகச் சொல்லிவிட்டார்கள். "கேட்டருளும்!"

பீடத்திலிருந்து சாமி மைக்கில் இருமினார். பிறகு, "ஆமென்," என்றார். அந்த ஒரு சொல்லில் அவ்வளவு அவசரத்தை நான் கேட்டதேயில்லை. அதே நொடியில் சகாயா காணிக்கைப் பாடலை எடுத்துவிட்டாள். கண்ணைத் திறந்தேன். பின்னால் நின்ற நாலு பேரும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக வாசலில் நின்றேன். முன் பெஞ்சுப் பெரியவர் வந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சாத்தான்குளம் அண்ணாச்சி."

"அதான பாத்தேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சகாயா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போய், மன்றாட்டு என்பது அந்த ஒரு வரி மட்டும்தான், முழங்கியது எனக்கான பாராட்டில்லை, ஒவ்வொரு பூசையிலும் சொல்கிற பதில் என்று விளக்கினாள். பிறகு பாத்தியை விளக்கினாள். நான் காதுவரை சிவந்துபோய் மாமனாரைத் தேடினேன். அவர் வாசலில் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "சரி," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

திங்கட்கிழமை மதியம் ஆபீஸ் ஜன்னல் இருட்டியது. எட்டிப் பார்த்தால் கடல் பக்கமிருந்து கறுகறுவென்று மேகம் ஏறி வருகிறது. அதற்குள் சகாயா போன் பண்ணிவிட்டாள்.

"ஒங்க மழ வந்துக்கிட்டிருக்கு. அளத்துக்கு வாங்க சீக்கிரம்!"

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் அன்பியமே உப்பளத்தில் நின்றது. பிலோமினா அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். மன்றாட்டு வாசிக்க முடியாமல் போன நாலு பேரும் கீற்று சுமந்தார்கள். வாரிக் குவித்த உப்பு வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு மேல் கிடந்தது. மழை வருவதற்குள் மூடியாக வேண்டும்.

"மாப்ள, அந்த முனையப் பிடிங்க!" என்றார் அக்கா. எந்த முனை என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டு ஒரு முனையைப் பிடித்தேன். அது, காற்று வரும் பக்கத்து முனை. எல்லோரும் அதைக் கல் வைத்து அமுக்குவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நான் அதைக் காற்றுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். தார்ப்பாய் பாய்மரம் போல உப்பியது. நான் விடவில்லை. (விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.) ஆபீஸ் ஷூவோடு வரப்பில் பத்தடி ஓடி, உப்புத் தண்ணீர் நின்ற பாத்திக்குள் குப்புற விழுந்தேன். எழுந்தபோது மாமனார் என் முழங்கையைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் தார்ப்பாய் முனை.

மறுபடி எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். இந்த முறை எனக்குக் கல் சுமக்கும் வேலை மட்டும். கடைசிக் கல்லை வைத்தபோது முதல் துளி விழுந்தது. அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. குவியல் தப்பியது. பாத்தியில் விளைந்து நின்ற உப்பு கரைந்துபோனது. மறுபடி கடல்தண்ணீர் பாய்ச்சி முதலிலிருந்து வெயிலில் காயவிட வேண்டும். பத்து நாள் வேலை.

அளத்துக் கொட்டகைக்குள் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். மாமனாரிடம் போனேன்.

"மாமா, நான் தெரியாம..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணிமையில்கூட உப்பு பூத்து நின்றிருந்தேன்.

"ஏலே," என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் 'வாங்க' என்று மரியாதையாகவே பேசிய மனிதர். "நாப்பது வருசமா நானும் இந்தக் கோவில்ல கேக்கேன். கேட்டது ஒண்ணுகூட மறுநாளே கெடச்சதில்லல. ஒனக்கு மட்டும் எப்படிலே?"

பிலோமினா அக்காதான் முதலில் வெடித்தார். பிறகு கொட்டகையே குலுங்கியது. எதற்குச் சிரிக்கிறோம் என்று சரியாகப் புரியாமல் நானும் சிரித்தேன். உதடு வெடித்து எரிந்தது. மாமனார் தன் தோள்துண்டை என் பக்கம் நீட்டினார்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் முறை வரும்போதெல்லாம் எனக்குக் காணிக்கைப் பவனியில் பழத்தட்டு தூக்கும் வேலை. வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. சாத்தான்குளத்திலிருந்து அப்பா, சொந்த ஊருக்காக இப்படி ஒருநாளும் கேட்டதில்லையே என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார். பரீட்சைக்கு முந்தின நாள் என் மகள் வந்து, மழை லீவுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று ரகசியமாகக் கேட்கிறாள்.

மாமனார் மட்டும் சிரிப்பதில்லை. உப்பு வாருகிற காலத்தில் வானம் லேசாக மந்தாரம் போட்டாலும் அளத்திலிருந்து போன் வரும்.

"மாப்ள, இன்னிக்குக் கோவில்ல என்னமும் கேட்டியா?"

"ஒண்ணும் கேக்கல மாமா."

"நெசமாத்தான?"

"நெசமா மாமா."

"சரி, அப்ப மூட வேண்டாம்," என்று போனை வைத்துவிடுவார்.